இல்லாள், எசமானி, குடும்பத் தலைவி: வீட்டை நடத்துவோருக்கு நாம் இட்ட பெயர்கள்

வீட்டை நடத்துகிறவரைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஆயின் எந்தச் சொல் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை அகராதி கூறாது.

'இல்லாள்' என்பதற்கு 'இல்லத்தை ஆள்பவள்' என மேடைகளில் விளக்கம் தருவர். இலக்கணப்படி இங்குள்ள 'ஆள்' வெறும் பெண்பால் விகுதி. இல்லத்திற்கு உரியவள் என்பதே நேர்பொருள். அதன் ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' வீட்டுத் தலைவனைக் குறிப்பதில்லை, வறியவனைக் குறிக்கிறது. தொல்காப்பியத்தின் 'கிழத்தி' உரிமையுடையவள். 'கிழமை' என்றாலே உரிமைதான். இன்று எஞ்சியிருப்பதோ முதுமையைச் சுட்டும் 'கிழவி'.

'ஆள்' தனிச்சொல்லாக நிற்கும்போதுதான் சாதி வெளிப்படுகிறது. ஆளுதலைக் குறிக்கும் அதே சொல் பண்ணையாள், படியாள் என்பவற்றில் ஆளப்படுபவரைக் குறிக்கிறது. நிலவுடைமையாளர் 'ஆண்டை' ஆனார். அவர் வீட்டுப் பெண் 'எசமானி' ஆனார். வேள்வி செய்விப்பவனைக் குறித்த வடசொல்லான 'யஜமானன்' என்பதிலிருந்து வந்த பட்டம் அது. ஆண்டை வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிட்டுத் தன் வீட்டில் உலை வைத்த சேரிப்பெண் இரு வீடுகளையும் தாங்கினார். அவருக்கு 'ஆள்' என்ற பெயரே கிடைத்தது. 'இல்லத்தரசி' என்பதும் கூலிக்குப் போகாத பெண்ணை மனத்திற்கொண்ட சொல்லே. நெடுங்காலம் வண்டிப்பாதையே இல்லாதிருந்த கொடைக்கானல் மலையின் வெள்ளகவி போன்ற ஊர்களில், அரிசியும் உப்பும் மலையேறி வந்தால்தான் அடுப்பு எரியும். அங்கே குடும்பம் நடத்துவதென்பது நடையும் சுமையும் சேர்ந்தது.

அரசின் சொற்களும் ஒரே திசையில் செல்லவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுப்பணி செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், கைதிகள் ஆகியோருடன் ஒரே வகையில் சேர்த்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவர் என்றது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், மாதம் 1,000 ரூபாய்க்காகக் 'குடும்பத் தலைவி'யை வரையறுத்தது: அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவி தலைவியாகக் கருதப்படுவார், குடும்பத்திற்குத் தலைமையேற்கும் கைம்பெண்களும், மணமாகாத தனித்த பெண்களும், திருநங்கைகளும் தலைவிகளே. மனைவி என்ற நிலையைக் கடந்து தலைமையை ஏற்ற இவ்விரிவை நாம் வரவேற்கிறோம். 'உதவி' என்னாமல் 'உரிமை' என்றதும் பொருத்தமே. பழைய கிழத்தியின் பொருள் அதுவன்றோ!

பிறர் வீட்டை நடத்திக்கொடுப்பவரின் பெயர்தான் மெல்ல மாறுகிறது. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைந்தது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையில் அவர்களைத் தொழிலாளர் என ஏற்றது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அடுக்ககங்களில் அவர்கள் இன்றும் 'வேலைக்காரி'தான். வயதில் மூத்தவரையும் 'வா, போ' என்றே அழைக்கிறார்கள்.