கோள்களின் பெயர்களில் கண்ட காட்சி

கலிலியோ தொலைநோக்கியின் துணைகொண்டு வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது 1610இல். அதுவரை எம்மொழியினரும் கோள்களை வெறுங்கண்ணால் மட்டுமே அறிந்திருந்தனர். எளிதில் புலப்படுபவை ஐந்து. அவற்றுக்குத் தமிழர் இட்ட பெயர்கள், அவர்கள் எதைக் கண்டு பெயரிட்டனர் என்பதற்குச் சான்றாகின்றன.

வெள்ளி என்பது வெண்மை குறித்த வேரினின்று பிறந்தது. உலோகத்துக்கும் கோளுக்கும் அஃதொன்றே பெயர். மலையாளத்திலும் கன்னடத்திலும் அவ்வாறே. செவ்வாயின் பெயரில் செம்மை வெளிப்படை. நிறத்தை அறிய ஓரிரவு போதும். ஆனால், வெள்ளி தென்திசை செல்லுதலை வறட்சியின் குறியாகப் பட்டினப்பாலையும் புறநானூற்றின் 117ஆம் பாடலும் கொள்கின்றன. கோளொன்று தோன்றும் திசை சிறுகச் சிறுக விலகுவதை அறிய, ஓரிடத்தில் நின்று மாதக்கணக்கில் நோக்கியிருத்தல் வேண்டும். அக்குறியின்படி மழை பொய்த்ததா என்பது வேறு வினா. நோக்கியிருந்தனர் என்பதில் ஐயமில்லை.

அதே புறப்பாடலில் சனிக்கு மைம்மீன் என்று பெயர். சனி கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றுவதில்லை. மங்கிய மஞ்சள் ஒளியே அதற்குரியது. ஆகவே இப்பெயரில் கண்ட காட்சியோடு சோதிட மரபும் கலந்திருக்கலாம் என்பது என் கருத்து. வடமொழிச் சொல்லான சனி, மெல்லச் செல்வது என்னும் பொருளினது. வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர அக்கோளுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். இவ்வியக்கத்தைக் காண ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். பரிபாடலின் 11ஆம் பாடல் அதனைப் பங்கு, அதாவது முடவன், என்கிறது. கடன்சொல் என்றதும் இழப்பு என்று வருந்துவோர் நம்மிடையே பலர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இங்கே கடனாக வந்த பெயர், நிறப்பெயர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

புதனின் நிலை வேறு. பரிபாடலில் அது புந்தி. அதுவும் வடமொழி வழிப்பட்டதே. வெள்ளி, செவ்வாய் போல நிறத்தால் அமைந்த பெயர் அதற்கு வழக்கில் நிலைக்கவில்லை. காரணம் வானத்திலேயே உள்ளது. புதன் ஞாயிற்றை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அந்தி வெளிச்சத்திலேயே அது தோன்றி மறைந்துவிடும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாடுகளில், கோள்கள் செல்லும் பாதை அடிவானத்தில் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கிறது. பிறை தோணிபோல் மல்லாந்து கிடப்பதும் அதனால்தான். அந்திப்பொழுதும் குறுகியது. எனவே ஐரோப்பிய நகரங்களில் காண அரிதான புதனை இங்குச் சற்றே எளிதில் காணலாம். உரிய நாள்களில், ஞாயிறு மறைந்து அரைமணி நேரத்தில், கடற்கரையில் மேற்கு நோக்கி நின்றால் போதும். மேகம் விலகியிருக்க வேண்டும், அவ்வளவே.