பிஷரின் இரண்டு விநாடிகள்

நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஹெயிற்றிப் பொடியன் தொலைபேசியில் செஸ் விளையாடுவான். மூன்று நிமிட ஆட்டம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு விநாடி கூடும். அந்த இரண்டு விநாடி யார் தந்ததென்று கேட்டேன். தெரியாதென்றான். அவ்வாறு நேரம் கூட்டும் கடிகாரத்துக்கு 1988இல் காப்புரிமை கோரியவர் பொபி பிஷர். ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்தவனின் வாய் சும்மா இருக்குமா? கதையைத் தொடங்கினேன், மணி அடித்துவிட்டது.

இதே மொன்றியலுக்கு 1956இல் கனடியத் திறந்த போட்டிக்கு வந்தபோது பிஷருக்கு வயது 13. பதினாறு வருடங்களின் பின், றெய்க்யவிக்கில் முதலாவது ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதுக்கு வராமலே விட்டு, அதன் பிறகும் ஸ்பாஸ்கியை 12½–8½ என வென்றார். கமராச் சத்தம், பணம் என்று அவர் பிடித்த சண்டைகளே செஸ்ஸை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தன எனலாம். அமெரிக்க செஸ் சம்மேளனத்தின் அங்கத்தவர் தொகை ஓரிரு வருடங்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகியது. 1975இல் கார்ப்போவுடன் விளையாட மறுத்துப் பட்டத்தை இழந்தார். அந்த அலையும் வடிந்தது.

ஆகவே எல்லாப் பெருமையையும் பிஷருக்கே எழுதிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். சோவியத் சம்பியன் தோற்ற அதே 1972இல், மட்றாஸ் சோவியத் கலாசார நிலையத்தில் மனுவல் ஆரோன் மிகையீல் தால் பெயரில் ஒரு கழகத்தைத் தொடங்கினார். சிறுவனாக அங்கே விளையாடிய ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024இல் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சம்பியன். காய்ச்சலைக் கிளப்பியவர் பிஷர்தான். பின்னேரங்களில் பலகை விரித்து வைத்திருந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

1992இல், யூகோஸ்லாவியா மீதான ஐ.நா. தடையை மீறி ஸ்பாஸ்கியுடன் மீண்டும் விளையாடினார். அமெரிக்க அரசின் தடைக்கடிதத்தின்மேல் பத்திரிகையாளர் முன்னிலையில் துப்பினார். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் செய்திக்கு நான் கைதட்டியவன். மறைக்கப்போவதில்லை.

ஆனால் யூதத் தாய்க்குப் பிறந்த அதே மனிதர்தான் யூத வெறுப்பைக் கக்கினார். 2001 செப்ரெம்பர் 11 படுகொலைகளைப் பிலிப்பைன்ஸ் வானொலியில் கொண்டாடினார். மூளைக் குழப்பம் என்று நண்பர்கள் தாண்டிப்போகிறார்கள். வென்றவனின் வெறுப்பை நோயென்றும் மற்றவனுடையதைக் குற்றமென்றும் சொல்வது எங்களுக்குப் புதிய பழக்கமல்ல.

2004இல், இரத்துச் செய்யப்பட்ட கடவுச்சீட்டுடன் யப்பானில் பிடிபட்டு மாதக்கணக்காகத் தடுப்பில் இருந்தார். நானும் இங்கே அகதிக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. மறுவருடம், 1972இன் நன்றிக்காக, ஐஸ்லாந்துப் பாராளுமன்றம் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. 2008இல் அங்கேயே இறந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அது இரக்கமா பொறாமையா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

பொடியனுக்குக் கடிகாரம் வரைதான் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைத் திங்கட்கிழமை சொல்லவேண்டும்.