மரையும் மரையும்

எங்க கடம்பத்தூர் பக்கம் பட்டறையில வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் 'மரை'ன்னா போல்ட்டுல இருக்குற திருகு வரின்னு சொல்லுவாங்க. இலங்கைத் தமிழர் யாரையாவது கேளுங்க, 'மரை'ன்னா கடமான்னு சொல்லுவார். இந்த ரெண்டு மரையும் ஒண்ணா வர்ற கதை ஒண்ணு இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை வச்சுக்கிட்டு கடமான் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரங்களோட கதை.

முதல்ல பேர்க்குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ஐரோப்பாவுல 'எல்க்'னா மூஸ். அமெரிக்காவுல எல்க்னா வாப்பிட்டின்னு ஒரு பெரிய மான். நீலகிரிக்கும் இலங்கைக்கும் வந்த வெள்ளைக்காரங்க நம்ம கடமானைப் பாத்துட்டு அதுக்கும் எல்க்னே பேர் வச்சுட்டாங்க. ஊட்டியில எல்க் ஹில்னு ஒரு குன்று இருக்கே, முருகன் கோயில் இருக்குற இடம், அந்தப் பேர்ல இருக்குற எல்க் நம்ம கடமான்தான். நல்லா வளர்ந்த கிடா 200 கிலோவுக்கு மேல போகும். லேசுல சாயாது.

இப்ப துப்பாக்கிக்கு வருவோம். எங்க ஊருக்குப் பக்கத்துல பேரம்பாக்கம் இருக்கு. 1780 செப்டம்பர் 6ஆம் தேதி குண்டூர்லேர்ந்து வந்த கர்னல் பெய்லியோட படையை திப்பு சுல்தான் மறிச்சு அடிச்ச இடம். நாலு நாள் கழிச்சு, 10ஆம் தேதி, புள்ளலூர்ல அந்தப் படையோட கதையே முடிஞ்சுது. அன்னிக்குக் கம்பெனி சிப்பாய் கையில இருந்தது பிரவுன் பெஸ் மஸ்கட். குழல் உள்ளே மழமழன்னு இருக்கும், மரை கிடையாது. குழல் விட்டம் முக்கால் அங்குலம், குண்டு அதைவிடக் கொஞ்சம் சின்னது. ஏன்னா கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல கரியும் சாம்பலுமாத் தங்கிடும். நாலு தடவை சுட்டதுக்கு அப்புறமும் குண்டு உள்ளே இறங்கணும்னா தொளதொளன்னு இருந்தாத்தான் முடியும். அந்தத் தொளதொளப்புல குண்டு குழலுக்குள்ள அங்கயும் இங்கயும் முட்டிக்கிட்டு வெளியே வரும். எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது. நூறு கெஜத்துக்கு மேல ஒரு ஆளைக் குறி பாத்து அடிக்கறது குதிரைக்கொம்பு. போர்க்களத்துல அது பெரிய குறை இல்ல, வரிசையா நின்னு நூறு பேர் ஒண்ணா சுட்டா யார் மேலயாவது படும். காட்டுல ஒத்தைக் கடமான் முன்னாடி ஒத்தை ஆள் நிக்கிறப்போ இது எப்படி உதவும்?

அதுக்குத்தான் குழலுக்குள்ள மரை வெட்டினாங்க. குண்டை மெழுகோ கொழுப்போ தடவின துணியில சுத்தி, இடிகம்பியால கெட்டிப்பாங்க. துணி மரையைப் பிடிச்சுக்கும், குண்டு சுழன்டுக்கிட்டே வெளியே வரும், பம்பரம் மாதிரி நிலையாப் போகும். ஆனா இங்கதான் சிக்கல். மரையோட சுத்து நெருக்கமா இருந்து, மருந்தையும் ஜாஸ்தியாப் போட்டா, குண்டு மரையைப் பிடிக்காம வழுக்கிக்கிட்டு நேரா பாஞ்சுடும். நிஜமாவே மரை கழண்ட கேஸு! சரி, மருந்தைக் குறைச்சா? குண்டு மெதுவாப் போகும், வளைஞ்சு விழும். 60 கெஜத்துக்கும் 120 கெஜத்துக்கும் வேற வேற உயரத்துல குறி பிடிக்கணும். புதர்க்காட்டுல தூரத்தை யார் அளந்தா?

இதுக்கு ரெண்டு பேர் ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க. முதல் ஆள் சாமுவேல் பேக்கர். பின்னாடி நைல் நதி மூலத்தைத் தேடிப் போனாரே, அவரேதான். 1840ல பிரிஸ்டல் நகரத்துல கிப்ஸ்னு ஒருத்தர்கிட்ட சொல்லி ஒரு துப்பாக்கி செஞ்சு வாங்கினார். எடை 21 பவுண்டு, சுமார் ஒன்பதரை கிலோ. குழல் 36 அங்குலம், அதுக்குள்ள மரை ஒரே ஒரு சுத்து. பள்ளம் ரெண்டுதான். குண்டைச் சுத்தி ஒரு பட்டை வச்சு வார்த்து, அந்தப் பட்டை பள்ளத்துல உக்கார்ற மாதிரி பண்ணிட்டார். அப்புறம் எப்படி வழுக்கும்? 3 அவுன்ஸ் குண்டு, அதாவது 85 கிராம். மருந்து 16 டிராம், அதாவது 28 கிராம். அதைத் தூக்கிக்கிட்டு இலங்கைக்கு வந்து நுவரெலியாவுல குடியேறினார். தமாஷ் என்னன்னா, இவ்வளவு பெரிய பீரங்கியை வச்சிருந்த மனுஷன் மரை வேட்டைக்கு நம்புனது நாய்களையும் இடுப்புக் கத்தியையும்தான். துப்பாக்கி யானைக்கும் எருமைக்கும். 1854ல வந்த அவரோட இலங்கை வேட்டைப் புத்தகத்துப் பேர்லயே துப்பாக்கியும் நாயும் சமமா நிக்கும்.

ரெண்டாவது ஆள் ஜேம்ஸ் ஃபோர்சித், மத்திய இந்தியாவுல இருந்த ராணுவ அதிகாரி. குண்டுல பட்டை எல்லாம் வேணாம், மரையோட சுத்தைத் தளர்த்திடுங்கன்னார். அவர் சொன்னது எட்டடி எட்டங்குலத்துக்கு ஒரு சுத்து! ரெண்டடி சொச்சக் குழலுக்குள்ள கால் சுத்துதான் வரும். உருண்டைக் குண்டுக்கு அந்தச் சுழற்சியே போதும். இப்ப மருந்தைத் தாராளமாப் போடலாம், குண்டு வழுக்காது. வேகமாப் போறதால நூறு கெஜம் வரைக்கும் கிட்டத்தட்ட நேர்கோடு. தூரத்தைக் கொஞ்சம் தப்பாக் கணிச்சாலும் குறி தப்பாது. 1860கள்ல இதை விளக்கி ஒரு புத்தகமே போட்டார்.

வேலை துப்பாக்கி வாங்கறதோட முடியாது. ஒவ்வொரு குழலும் ஒரு தினுசு. துப்பாக்கியை அசையாம சாய்ச்சு வச்சு, குறியட்டையில சுட்டுப் பாக்கணும். மருந்து அளவை மாத்தினா துணியை மாத்தக்கூடாது, துணியை மாத்தினா மருந்தை மாத்தக்கூடாது. ஒவ்வொரு வெடிக்கு அப்புறமும் குழலை ஒரே மாதிரி துடைக்கணும். ஓட்டைகள் நெருங்கி விழுற அளவுதான் அந்தக் குழலுக்கான அளவு. நாக்குல வச்சு உப்பு பாக்குற சமையல்காரர் வேலைதான், என்ன, இங்க ஒரு நேரத்துல ஒரு சாமான்தான் மாத்தலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? குறி தப்பினா மான் தப்பிச்சுதுன்னு அர்த்தம் இல்ல. வயித்துல குண்டோட ஓடி, எங்கயோ சோலைக்குள்ள நாள்கணக்குல கிடந்து சாகும். சரியான அளவு தேடுறதுக்குள்ள கொஞ்சம் கருணையும் இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஆனா அந்தக் கருணை எண்ணிக்கையைக் காப்பாத்தல. பின்பக்கமா தோட்டா போடுற துப்பாக்கி வந்ததும் வேலை இன்னும் சுலபமாச்சு, நீலகிரியில மிருகங்கள் மளமளன்னு குறைஞ்சுது. சுட்டவங்களே பயந்து போய் 1877ல சங்கம் வச்சாங்க, 1879ல நீலகிரி வேட்டைச் சட்டம் வந்துச்சு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்தோட லைசென்ஸ் வாங்கிக்கிட்டு கடமான் சுடுற பேச்சுக்கே இடமில்லாமப் போச்சு. நல்லதுதான்.

இந்தப் புத்தகங்கள்ல டிராம் கணக்கும் அங்குலக் கணக்கும் துல்லியமா இருக்கு. ஆனா மானோட தடம் பாத்து முன்னாடி நடந்த நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க பேர் எந்தக் கணக்குலயும் இல்ல. மருந்தும் குண்டும் எவ்வளவு பொருந்தினாலும், மான் இருக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனது அவங்க கால்தான்.

கொசுறு: இன்னிக்கு மரையை நிம்மதியாப் பாக்கணும்னா இலங்கையில ஹோர்ட்டன் சமவெளி. சாயங்காலம் புல்வெளியில கூட்டம் கூட்டமா மேயும். கையில கேமரா இருந்தாப் போதும்.