ஜன்னலும் மீளழைப்பும்
போர்த்துக்கீசிய 'ஜனேலா' தமிழில் ஜன்னல் ஆனது, மலாயில் ஜெண்டெலா ஆனது. அதன் லத்தீன் வேர் 'யானுவா'வுக்குக் கதவு என்று பொருள். மலேசியாவின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் மாடியில், சாய்த்த மரப்பலகைகள் அடுக்கிய ஜன்னல்கள் கதவு போலவே திறக்கின்றன. கணினித் திரையில் தோன்றுவதோ மலாயில் 'தெதிங்காப்', தமிழில் சாளரம்.

பைதான் மொழியில் சாளரங்களை உருவாக்கும் நூலகமான டிகின்டரில், சாளர மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டியதும், நாம் முன்கூட்டியே ஒப்படைத்த செயற்கூற்றை டிகின்டர் கூப்பிடும். அதுவே கால்பேக், 'மீளழைப்பு' என்பதே எனக்குப் பிடித்த சொல். ஒப்படைத்தபின் மூடும் பொறுப்பு நம்முடையது. செயற்கூற்றுக்குள் 'டெஸ்ட்ராய்' கட்டளையை எழுதாவிட்டால் சாளரம் மூடாது. அதற்கு முன் 'சேமிக்கவா?' என்று கேட்கலாம்; சேமிக்காத கோப்பைக் காப்பாற்றுவது அந்த ஒரு கணத் தாமதம்தான்.