வெடி கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை: மடிக்கணினியில் படம் பார்ப்போர் ஒலியைச் சீராக்கும் வழிகள்

மடிக்கணினியில் படம் பார்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். பாத்திரங்கள் பேசுவது விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் வரும் சண்டையும் வெடியும் வீட்டை அதிர வைக்கின்றன. படம் முடியும்வரை ஒரு கை பொத்தானிலேயே இருக்கவேண்டியிருக்கிறது.

எங்கள் வீடுகளில் இது சிறு தொந்தரவு மட்டும் அல்ல. ஷெல்லடிக்கும் விமானக் குண்டுகளுக்கும் நடுவே வாழ்ந்தவர்களில் பலருக்குக் காது மந்தமாகிவிட்டது. சிலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல். போர் முடிந்த 2009 முதல் என் அம்மா இடது காதால் சரியாகக் கேட்பதில்லை. படத்தில் பேச்சு விளங்காததை அவர் பொறுத்துக்கொள்வார். எதிர்பாராமல் ஒரு வெடிச்சத்தம் வந்தால் மட்டும் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். இப்படியானவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர்களும் கூட இருந்து படம் பார்க்க, பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியவை பல உள்ளன.

ஏன் இப்படி ஆகிறது?

படங்களின் ஒலி முதலில் திரையரங்குக்காகவே அமைக்கப்படுகிறது. அங்கே ஒரு ஒலித்தடத்தின் உச்சச் சத்தம் 105 டெசிபல் வரை போகலாம். சாதாரணமாக இருவர் கதைக்கும் சத்தம் ஏறக்குறைய 60 டெசிபல். மெல்லிய பேச்சுக்கும் பெரிய வெடிக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பெரிய மண்டபம் தாங்கும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர் தாங்காது.

இரண்டாவது காரணம், பல படங்களின் ஒலி 5.1 முறையில், அதாவது ஆறு தடங்களாகப் பதிவாகியிருப்பது. பேச்சின் பெரும்பகுதி நடுத்தடத்தில் இருக்கும். மடிக்கணினியில் இருப்பதோ இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர்கள். ஆறை இரண்டாகச் சுருக்கும்போது பேச்சு அடங்கிப்போகிறது. சுருக்கும் வேலை பிழைத்தால் இசை மட்டும் முழங்கும், பேச்சு ஏறக்குறைய இல்லாமலே போகும்.

மூன்றாவது காரணம் காது. பெருஞ்சத்தத்தால் பாதிக்கப்பட்ட காது முதலில் இழப்பது 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையான மேல் ஒலிகளை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவற்றின் கூர்மை அந்தப் பகுதியிலும் அதை ஒட்டியும்தான் இருக்கிறது. பாடு, காடு, சாடு என்ற மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. முதல் மெய் கேட்காவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். "சத்தம் கேட்குது, சொல் விளங்கேல்லை" என்று முதியவர்கள் சொல்வது இதைத்தான். வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதால் இது தீராது.

முதலில் பார்க்கவேண்டியவை

பல மடிக்கணினிகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில் இருக்கும். மெத்தையிலோ மடியிலோ வைத்தால் ஒலி துணிக்குள் அமுங்கிவிடும். மேசையிலோ பலகையிலோ வைத்தால் உடனேயே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கர் துளைகளில் தூசி அடைத்திருந்தால், கணினியை நிறுத்திவிட்டு உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தவேண்டாம், தண்ணீர் படவும் கூடாது.

அடுத்தது விண்டோஸின் ஒலி அமைப்பு. அதில் 'பிளேபேக்' பகுதியில் ஸ்பீக்கரைத் தெரிவுசெய்து 'கொன்ஃபிகர்' என்பதை அழுத்துங்கள். அங்கே 5.1 என்று இருந்தால் 'ஸ்டீரியோ' என மாற்றுங்கள். பேச்சு மட்டும் காணாமல் போகும் குறை பல தடவை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

அதே இடத்தில் ஸ்பீக்கரின் 'ப்ரொப்பர்ட்டீஸ்' திறந்து 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதிக்குப் போனால், சில கணினிகளில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்ற தெரிவு இருக்கும். அது மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியைத் தாழ்த்தும். இருந்தால் அதற்குச் சரி அடையாளம் இடுங்கள். இணையத்தில் பார்க்கும் படங்களுக்கும் இது வேலை செய்யும்.

வெடியை அடக்கிப் பேச்சை உயர்த்த

பென்டிரைவில் உள்ள படங்களுக்கு வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் போதும். பாரிஸில் மாணவர்களின் வேலைத்திட்டமாகத் தொடங்கி, 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாக வெளிவருவது அது.

படம் ஓடும்போது 'ஓடியோ' பட்டியலில் 'ஓடியோ ட்ராக்' என்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால் ஸ்டீரியோ என்று குறிப்பிட்டதைத் தெரிவுசெய்யுங்கள்.

பிறகு கண்ட்ரோல் விசையுடன் ஆங்கில ஈ எழுத்தை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் 'கொம்ப்ரெசர்' என்ற பகுதி இருக்கிறது. மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவருவது அதன் வேலை. அதை இயக்கி, நான் பயன்படுத்தும் இந்த அளவுகளிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: 'த்ரெஷோல்ட்' கழித்தல் 25 டெசிபல், 'ரேஷியோ' 4, 'அட்டாக்' 5 மில்லிசெக்கன், 'மேக்கப் கெயின்' 10 டெசிபல்.

இதன் கணக்கு இலகுவானது. பேச்சு கழித்தல் 30 டெசிபலிலும் வெடி கழித்தல் 5 டெசிபலிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 25 டெசிபல். வெடி எல்லைக்கோட்டை 20 டெசிபல் தாண்டுகிறது. ரேஷியோ 4 என்பதால் அந்த 20 வெறும் 5 ஆகிறது. வெடி கழித்தல் 20 டெசிபலுக்கு இறங்க, இடைவெளி 10 டெசிபலாகச் சுருங்குகிறது. மேக்கப் கெயின் இரண்டையும் சேர்த்து உயர்த்துவதால் பேச்சு தெளிவாக மேலே வருகிறது. 'அட்டாக்' எவ்வளவு குறைவோ, அவ்வளவு விரைவாக வெடி பிடிபடும். திடுக்கிடுபவர்கள் உள்ள வீட்டில் இதுதான் முக்கியம்.

அதே பெட்டியில் 'ஈக்குவலைசர்' இருக்கிறது. 60, 170 ஹேர்ட்ஸ் கம்பிகளை 5 டெசிபல் அளவு தாழ்த்துங்கள். சிறிய ஸ்பீக்கரால் அந்த அடித்தொனியைத் தரமுடியாது, கரகரப்புத்தான் மிஞ்சும். ஒரு கிலோஹேர்ட்ஸ், மூன்று கிலோஹேர்ட்ஸ் கம்பிகளை 4 டெசிபல் அளவு உயர்த்துங்கள். சொற்கள் கூர்மையாகும். முடிந்ததும் 'சேவ்' அழுத்தினால் அடுத்த முறையும் அமைப்பு அப்படியே இருக்கும்.

வி.எல்.சி.யின் ஒலியை 100 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக முடியும். ஆனால் அங்கே ஒலி சிதையும். கொம்ப்ரெசர் சரியாக இருந்தால் அதற்குத் தேவை வராது.

ஒரு காதால் மட்டும் கேட்பவர்களுக்கு

ஹெட்போனில் இடப்பக்கம் ஒரு ஒலியும் வலப்பக்கம் இன்னொன்றும் வரும். ஒரு காது கேட்காதவருக்குப் பாதி போய்விடும். விண்டோஸ் 11 இல் 'செட்டிங்ஸ்', 'அக்செசிபிலிட்டி', 'ஓடியோ' என்று போய் 'மோனோ ஓடியோ' என்பதை இயக்குங்கள். விண்டோஸ் 10 இல் இது 'ஈஸ் ஒஃப் அக்செஸ்' என்பதன் கீழ் இருக்கும். இப்போது முழு ஒலியும் இரண்டு பக்கமும் வரும்.

புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வரலாம். வி.எல்.சி.யில் ஆங்கில ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிசெக்கன்படி முன்னும் பின்னும் நகர்த்தும். வாயசைவுடன் பொருந்தும்வரை அழுத்துங்கள். வயர் உள்ள ஹெட்போனில் இந்தச் சிக்கல் இல்லை.

ஹெட்போனிலும் அளவு தேவை. வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபல் என்பதுதான் வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம் மட்டுமே. ஏற்கனவே அடிபட்ட காதுக்கு மேலும் சுமை ஏற்றக்கூடாது.

இனிச் சத்தம் கூட்டுவதல்ல வழி

இவ்வளவும் செய்தபின்னும் ஒருவருக்குப் படத்தில் பேச்சு விளங்கவில்லை, நேரில் கதைக்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், திருத்தவேண்டியது கணினி அல்ல. அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். "வயது போனால் இப்படித்தான்" என்று எங்கள் ஆட்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்பதைக் கேள்திறன் பரிசோதனை காட்டிவிடும்.

வெடிச்சத்தம் வந்தால் எழும்பிப் போகிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், இருக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அந்தக் காட்சி வருமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொம்ப்ரெசரால் செய்யமுடியாத வேலை அது.