பத்து வெள்ளியில் வாங்கிய நிலம்

மலாயாவின் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் குடியேறிய இடங்களிலெல்லாம் லயங்களுக்கு அருகே ஒரு கோயிலும் எழுந்தது. மரத்தடியில் நட்ட சூலமாகவோ, அத்தாப்புக் கூரையின்கீழ் வைத்த கல்லாகவோ தொடங்கிய அது, காலப்போக்கில் சுவரும் மண்டபமும் பெற்றது. அதற்கான பொருள் பெரும்பாலும் செல்வர்கள் அள்ளிக் கொடுத்ததன்று. விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்ற ஆண்களும் பெண்களும் சம்பள நாளில் கோயிலுக்கென்று ஒதுக்கிய காசே அது. பல தோட்டங்களில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கணக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் முதுமொழிக்குத் தோட்டத்துக் கோயிலைவிடச் சிறந்த சான்று இந்நாட்டில் இல்லை.

ஆயினும் அக்கோயில்களுக்கு ஒரு குறை இருந்தது. கோயில் தொழிலாளருடையது, அது நின்ற நிலமோ கம்பெனியுடையது. அவர்கள் குடியிருந்த லயமும், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே. அக்குறை எத்துணைப் பெரியது என்பதை 1950ஆம் ஆண்டுகள் காட்டின.

நாடு 1957இல் விடுதலை பெறும் காலம் நெருங்கியபோது, வெள்ளையர் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கின. அவற்றை வாங்கிய வணிகர்களுள் பலர் தோட்டத்தைத் தோட்டமாக நடத்த விரும்பவில்லை. சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து விற்றால் ஆதாயம் மிகுதி என்று கண்டனர். இதுவே 'தோட்டத் துண்டாடல்' என்று பெயர் பெற்றது. பெருந்தோட்ட முதலாளி தொழிலாளர்க்கு வீடும் மருந்தகமும் பிள்ளைக் கொட்டகையும் தரச் சட்டத்தால் கடமைப்பட்டவர். சில ஏக்கர் மட்டும் வாங்கிய புதிய உரிமையாளர்க்கு அக்கடமை இல்லை. குத்தகைக்காரர் மூலம் வேண்டும்போது ஆள் வைத்துக்கொண்டால் அவர்க்குப் போதும். எனவே தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை வெளியிடும் அளவுக்கு அது ஒரு தேசியச் சிக்கலாயிற்று.

அந்நாளில் ம.இ.காவின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ.தி. சம்பந்தன். சட்டத்தினால் துண்டாடலைத் தடுத்து நிறுத்துவது எளிதாக இல்லை. தோட்டம் விலைக்கு வருமாயின், அதைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவாக 1960இல் தோன்றியதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

இன்று பத்து வெள்ளி ஒரு வேளை உணவுக்கும் போதாதிருக்கலாம். அன்று நாட்கூலி பெற்ற பால்வெட்டுக்காரர்க்கு அது பல நாள் உழைப்பு. அதனைக் கேட்டுப் பெறுதல் எளிதன்று. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, லயத்து வாசல்களிலும் கோயில் திடல்களிலும் கூடிய மக்களிடம் திட்டத்தை விளக்கினார். சங்கத்தைத் தோற்றுவிப்பதில் அவர்க்குத் துணை நின்றவரும், பின்னர்ப் பல்லாண்டு அதனை நடத்திச் சென்றவரும் டான் ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் ஆவார். கோயிலுக்குச் சந்தா கொடுத்துப் பழகிய கைகள் இதற்கும் கொடுத்தன. 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது. நேற்றுவரை பிறர் தோட்டத்தில் பால்வெட்டியவர்கள், அன்று ஒரு தோட்டத்தின் பங்காளிகளாயினர்.

அதனைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன. துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை. தொழிலாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நிலம் கிடைக்கவில்லையே என்ற குறைகூறலும் எழாமலில்லை. எனினும் சங்கம் வாங்கிய தோட்டங்கள் துண்டாகவில்லை. சம்பந்தன் 1979இல் மறைந்தார். தலைநகரில் சங்கத்தின் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிறு காசு எப்போதும் இவ்வாறே பயன் தந்தது என்று கூறுவதற்கில்லை. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, சற்றேறக்குறைய 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேற்பட்ட தொகையை நம்பிக் கொடுத்தனர். அவர்களுள்ளும் தோட்டத் தொழிலாளர் பலர். கடன் வாங்கிப் பங்கு எடுத்தோரும் உண்டு. 28 ஆண்டுகள் கழித்து, 2010இல், ஒரு வெள்ளிப் பங்கை எண்பது காசுக்குப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அவர்கள்முன் வைக்கப்பட்டது. கொடுத்தவர்கள் ஒரே மக்கள். அவர்களின் நம்பிக்கையும் ஒன்றே. கொடுத்த பணம் எங்கே சென்றது, என்ன ஈட்டியது என்பதைக் கொடுத்தவர் காலத்தே அறிந்தனரா என்பதே இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வி.

அக்கேள்வி கோயில்களுக்கும் உரியது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், நிலப்பட்டா இல்லாத கோயில்கள் பல பிறர் நிலத்தில் நிற்பனவாயின. நகரத்துக் கோயில்களுக்கும் இந்நிலை உண்டு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூற்றாண்டு கடந்த காளியம்மன் கோயில் ஒன்று நின்ற நிலம் 2014இல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 2025இல் அது பெரும் சர்ச்சையாகி, அக்கோயில் அருகிலேயே வேறிடம் செல்லும் இணக்கம் காணப்பட்டது. பழைமை பக்திக்குச் சான்றாகும். நிலத்துக்குச் சான்று பத்திரமே. புக்கிட் சீடிமை வாங்கியவர்கள் இதனை 1961லேயே உணர்ந்திருந்தனர்.

சங்கமாகப் பதிவு பெற்ற கோயில் ஒவ்வொன்றும், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் தன் ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இதனை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதுவோர் உளர். உண்மையில் அது கொடுத்தவர்க்கும் பொறுப்பேற்றவர்க்கும் இடையே உள்ள உடன்படிக்கையாகும். முறையாகப் பதிந்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை வைத்திருக்கும் கோயிலே நில அலுவலகத்தின் முன்னும் மானியம் வழங்குவோர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்க இயலும். நன்கொடையாளர் கணக்குக் கேட்பது நிருவாகத்தாரை ஐயுறுவதன்று. அது அவர்களுக்குக் காவல்.

திருவிழா நாளில் தேர்வடம் பிடிக்க ஆயிரம் கைகள் நீளுகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்ட நாளிலோ நாற்காலிகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. மாதம் பத்து வெள்ளி கட்டிய அத்தலைமுறை தன் பணத்தை மட்டும் தரவில்லை. தன் உரிமையையும் அதில் வைத்தது. உண்டியலில் இடும் காசோடு, ஆண்டுக்கொரு நாள் வந்தமர்ந்து கணக்கைப் படித்துக் கேட்கும் நேரத்தையும் ஒவ்வோர் உறுப்பினரும் கோயிலுக்குக் காணிக்கையாக்குதல் வேண்டும். நம் முன்னோர் விட்டுச் சென்ற கோயில்களைப் பேரப்பிள்ளைகளுக்கு நிலத்தோடு ஒப்படைக்க அதுவே வழி.