நங்கூரக் கற்களின் கதை

மன்னர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் அடுக்கிக் கலைக்கும் விளையாட்டுக் கற்களுக்கும் வரலாறு உண்டு என்று நான் கூறினால், ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு வேறு வேலையில்லை போலும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறே எண்ணிக்கொண்டு கேளுங்கள்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் ஃப்ரோபெல் என்னும் ஜெர்மானியப் பெரியாரைப் பற்றி நாங்கள் பயின்றோம். கிண்டர்கார்ட்டன் முறையைக் கண்டவர் அவர். பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்தால் அதன் அறிவு தானே மலரும் என்பது அவரது கொள்கை. 1837-இல் துரிங்கியாவிலுள்ள பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் தம் பணியைத் தொடங்கினார். அவ்வூருக்குச் சில கல் தொலைவில் உள்ளது ரூடோல்ஷ்டாட் நகரம். நான் சொல்லப்போகும் கற்கள் பின்னாளில் அங்கேதான் உருவாயின.

ஃப்ரோபெலின் கட்டைகள் மரத்தாலானவை. மரக்கட்டையில் கனம் குறைவு. கட்டிய கோபுரம் சிறிது அசைந்தாலும் சரிந்துவிடும். குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்புத் தூள், ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் கலந்து அச்சில் அழுத்திச் சூட்டில் உலர்த்தினால், உண்மைக் கல்லைப் போன்ற விளையாட்டுக் கல் கிடைக்கும் என்று கண்டவர்கள் ஓட்டோ லிலியெந்தால், குஸ்தாவ் லிலியெந்தால் என்னும் உடன்பிறந்தார் இருவர். செங்கல்லுக்குச் சிவப்பு, மணற்கல்லுக்கு மஞ்சள், கூரைப் பலகைக்கு நீலம் என மூன்றே நிறங்கள். பசை வேண்டா, ஆணி வேண்டா. தன் கனத்தாலேயே கல் கல்லின்மேல் நிற்கும்.

கண்டுபிடித்தவர்களுக்கு விற்கத் தெரியவில்லை. கைப்பொருளும் கரைந்தது. 1880-இல் ரூடோல்ஷ்டாட்டைச் சேர்ந்த ரிக்டர் என்னும் வணிகருக்கு 1000 மார்க் விலைக்குத் தம் உரிமையைக் கொடுத்துவிட்டனர். ரிக்டர் மருந்து விற்றவர். அவருடைய மருந்துக் குப்பிகளில் இருந்த நங்கூர முத்திரையே இக்கற்பெட்டிகளிலும் ஏறியது. பெட்டிகள் நாடு கடந்து விற்பனையாயின. உடன்பிறந்தார் பின்னர் இதனையொத்த வேறொரு கற்பெட்டியைக் கொணர முயன்றபோது ரிக்டர் வழக்குத் தொடுத்தார். அவர்கள் தோற்றுப் பெரும் பொருளை இழந்தனர். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே தூக்கக்கூடாது என்று சட்டம் சொன்னது போலாயிற்று. ஆயினும் ரிக்டரைக் கள்வர் என நான் கூற மாட்டேன். விலை கொடுத்து வாங்கினார். அவர்களால் இயலாததைச் செய்தும் காட்டினார்.

ஓட்டோ லிலியெந்தால் என்ற பெயரை நீங்கள் வேறோரிடத்தில் படித்திருக்கலாம். 1891 முதல் சிறகு கட்டிக் குன்றிலிருந்து காற்றில் மிதந்து காட்டியவர் அவரே. 1896 ஆகஸ்டு 9-இல் வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். ரைட் சகோதரர்களுக்கு ஊக்கமளித்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

ரிக்டரின் திறமை கல்லில் இல்லை, பெட்டியில் இருந்தது. சிறிய பெட்டி ஒன்றை வாங்கிய தந்தை, அடுத்த ஆண்டு ஒரு துணைப்பெட்டியை மட்டும் வாங்கினால் போதும். இரண்டும் சேர்ந்து அடுத்த பெரிய பெட்டியாகிவிடும். பெட்டிக்குள் ஒவ்வொரு கல்லுக்கும் ஓரிடம் உண்டு. அடுக்கும் முறையைக் காட்டும் படத்தைப் பார்த்து அடுக்கினாலன்றி மூடி மூடாது. ஒழுங்கைக் கற்பிக்க இதைவிட நல்ல வாத்தியார் ஏது?

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ரூடோல்ஷ்டாட் கிழக்கு ஜெர்மனியில் அமைந்தது. தொழிற்சாலை அரசுடைமையாயிற்று, 1963-இல் உற்பத்தி நின்றது. அன்றுமுதல் உலகில் இருந்த கற்களே கற்கள். ஒன்று உடைந்தால் ஒன்று குறைந்தது. 1979-இல் நெதர்லாந்தில் ஆர்வலர் சிலர் சங்கம் கண்டு, பழைய கற்களைத் திரட்டவும், இனம் பிரிக்கவும், குறைந்த பெட்டிகளை நிறைக்கவும் முனைந்தனர்.

இவற்றைத் திரட்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது அளவு. பெரிய வகையில் அடிப்படைக் கனசதுரத்தின் பக்கம் 25 மில்லிமீட்டர். சிறிய வகையில் 20. இரண்டும் ஒரே கட்டடத்தில் பொருந்தா. அதை நான் பட்டுணர்ந்தேன். ஜெர்மனியில் வாழ்ந்து திரும்பிய நண்பர் ஒருவர் எனக்கொரு பழைய பெட்டி தந்தார். அதில் இரண்டு சிவப்புக் கற்கள் இல்லை. எங்கள் ஊர்த் தச்சரிடம் தேக்கில் அறுத்துச் சிவப்பு வண்ணம் பூசி வைத்தேன். அழகாகத்தான் இருந்தன. ஆனால் வளைவின் தோளில் வைத்து மேலே கோபுரத்தை ஏற்றியதும், என் பேரனின் கண்முன்னே யாவும் சரிந்தன. தோளில் நிற்கும் கல் தன் கனத்தால் வளைவை அமுக்கிப் பிடிக்க வேண்டும். தேக்குக்கு அந்தக் கனம் ஏது? வகுப்பில் எத்தனையோ ஆண்டு விசையும் எதிர்விசையும் கற்பித்த எனக்கு அன்று அவன்முன் பேச்செழவில்லை. “தாத்தா, இது பொய்க் கல்லா?” என்று மட்டும் கேட்டான்.

1995-இல் ரூடோல்ஷ்டாட்டிலேயே இக்கற்களை மீண்டும் செய்யத் தொடங்கினர். அளவும் பழைய அளவே. நண்பரின் மகள் அங்கிருந்து வாங்கி அனுப்பிய இரண்டு புதுக் கற்கள் சென்ற ஆண்டு என் கைக்கு வந்தன. பெட்டியில் உரிய குழிகளில் அவை சரியாக அமர்ந்தன. நிறம் மட்டும் பக்கத்திலுள்ள பழைய கற்களைவிடச் சற்று வெளிர்ந்து தெரிகிறது. தேக்குக் கட்டைகளைப் பேரன் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.